மலைக்குக் கட்டிய காப்பு

இந்தக் கோடையில் எங்கள் மலை எரியவில்லை. செஞ்சிக்கு மேற்கே உள்ள காட்டில் வாட்சராகச் சேர்ந்த நாள் முதல், அது எரியாத கோடை ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஆனிக் கடைசியில் ஓய்வு பெற்றேன். அதற்குள் பார்த்துவிட்டேன்.

பங்குனி வந்தால் ஆடு மேய்ப்பவர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். சாம்பலில் மழை விழுந்தால் புதுப்புல் தளதளவென்று வரும். மலை புகைந்தால் மழையே சீக்கிரம் வரும் என்றும் நம்பிக்கை. மான் ஓடிவிடும், மயில் பறந்துவிடும். தேவாங்கு மட்டும் பயந்தால் கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே கருகிக் கிடந்தவற்றை நான்தான் எடுத்துப் புதைப்பேன்.

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. ஊர்க் கூட்டத்தில் ரேஞ்சர் பேசுவார், நான் பின்னால் நிற்பேன். இந்த முறை அவர் விடவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்ட ஊர் கூடியிருந்த அன்று, மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

"தேவாங்குக்கு ஓடத் தெரியாதுங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள்.

"இன்னா வாட்சரே, அவ்ளோதானா? இதுக்கா மைக்கு?"

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் உட்காரவும் இல்லை.

"சிரிச்சது போதும். போன வருசம் குட்டிய வயித்தோட அணைச்சினு ஒண்ணு எரிஞ்சி கெடந்துச்சி. நானே பாத்தேன். யார் வெச்ச நெருப்புன்னு ரேஞ்சர் சார் கேக்காதீங்க." பூசாரியிடம் திரும்பினாள். "காப்பு கட்டிட்டா ஊர்ல எவனும் பச்ச மரத்துல கை வெக்கமாட்டான் இல்ல? மலைக்கும் சேத்துக் கட்டு. எவன் தீக்குச்சி கிழிக்கிறான்னு பாக்கறேன்."

"தேரு முடிஞ்சதும் காப்ப அவுக்கணும்மே" என்றார் பூசாரி.

"ஊரு காப்ப நீ அவுத்துக்கோ. மலை காப்ப மழை வந்தப்புறம் அவுத்துக்கலாம்."

மறுநாள் காலை, மலையடிவார வேப்பமரத்தில் பூசாரி மஞ்சள் கயிறு கட்டினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பங்குனி புகையில்லாமல் போனது. சித்திரையில் ஒரு மதியம் சரிவில் புகை தெரிந்தது. வெளியூரிலிருந்து செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் யாரோ சமைத்துவிட்டு, அடுப்பை அணைக்காமல் போயிருந்தார்கள். நான் மூச்சு வாங்க ஏறிப் போனபோது, அக்காவும் மற்ற ஆட்டுக்காரர்களும் பச்சைத் தழையால் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு பாறைச் சரிவோடு தீ நின்றது.

முகமெல்லாம் கரியாக அக்கா உட்கார்ந்தாள். "காப்பு கட்டிகினு பச்சத் தழைய ஒடிச்சிட்டோம். அம்மன் கிட்ட நீதான் சொல்லணும்."

"சொல்றேங்க்கா."

"நீயா? மைக்குலயா?"

அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனியில் நல்ல மழை பெய்தது. கயிற்றை அவிழ்க்கப் பூசாரி என்னைத்தான் கூப்பிட்டார். பழைய புல் ஆட்டு வாயைக் குத்துகிறது என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அதன் அடியில் பச்சை வந்திருந்தது. பொழுது சாயும் நேரம், சரிவில் இருந்த மரத்தை அவள் கையால் காட்டினாள். வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு ஒரு தேவாங்கு, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.