ஸ்ட்ராபெரியில் உரிந்த சாயம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்துகொண்டு வெளியே சாயம் அடிக்கும் வேலைக்குப் போகிறவன் நான். மலைமேல் சுற்றுலாக் கூட்டம் வரும் கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் லெட்சுமி அக்கா, கடை வாசலில் நிற்கும் ஆளுயர ஃபைபர் ஸ்ட்ராபெரிக்குப் புதுச் சாயம் அடிக்கக் கூப்பிட்டார். பள்ளி விடுமுறைக்கு வரும் கூட்டம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத்தான் கடைக்குள் நுழையும்.

ஃபைபர் வழுவழுப்பானது. சேண்ட் பேப்பரால் தேய்த்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தால்தான் சாயம் பிடிக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அலுப்பில், துணியால் துடைத்துவிட்டு நேராகச் சிவப்பை அடித்தேன்.

"நல்லா தேச்சியா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"தேச்சிட்டேன்கா."

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சாயம் பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. அக்கா அதன்மேல் துணி கட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் என்னைப் பார்த்ததும் ஏச ஆரம்பித்தார். அக்கா குறுக்கிட்டார்.

"அவன ஏசாதீங்க. அவன் தேச்சுத்தான் அடிச்சான். நாந்தான் காயறதுக்குள்ள தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்லா."

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஏனோ முடியவில்லை.

"இல்லக்கா, நான் தேய்க்கவே இல்ல. பொய் சொன்னேன்."

அக்கா துணியை அவிழ்த்தார்.

"அப்ப இன்னிக்குத் தேய்."

சுரண்டித் தேய்த்து அடித்து முடிக்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அக்கா என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் தடவை, என் வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.