எதிர்ப்புக்கு வாங்கிய மாலை

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா முடிந்த கையோடு மலாக்காவின் காஜா பேராங்கில் எல்லாருக்கும் பேச்சு வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவர் தோளில் ஒரு துண்டு. அப்படிப்பட்ட சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும் என்பதுதான் தகுதி. வரும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கம்பெனிக்காரன் தகரக் கொட்டகை எழுப்பினான். பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கப் போகிறானாம். அந்தக் கொட்டகைக்கும் எங்கள் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். அக்காவின் பிழைப்பே அந்தச் சமையல்கட்டுதான். அத்தான் இறந்தபின் விடிவதற்குள் விறகடுப்பை மூட்டி, தோசையும் இடியாப்பமும் விற்று, என்னைப் படிக்க வைத்ததும் தன் இரண்டு பெண்களை வளர்த்ததும் அவள்தான். ஒரு பொறி பறந்தால் போதும், வீடும் மிஞ்சாது, பிழைப்பும் மிஞ்சாது.

சங்கம் மூன்று முறை கூடியது. யார் முதலில் பேசுவது என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் போயின. மூன்றாவதில், இடத்தைப் பார்க்க அரசாங்க அதிகாரி வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தலைவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பெரிய ஆபீசர் வர்றாரு. வெறுங்கையோட நின்னா நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரு?"

என்ன நினைக்க வேண்டும்? கோபமாக இருக்கிறோம் என்று நினைக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சைக்கிளை மிதித்து ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

அதிகாரி வரும் நாளன்று ஆளுக்கொரு அட்டையோடு நின்றோம். 'கிடங்கு வேண்டாம்' என்று நானே மூன்று மொழிகளில் எழுதியவை. கார் வந்து நின்றது. தலைவர் மாலையைப் போட்டார், பன்னீர் தெளித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்ட இரண்டு கையும் வேண்டுமே. அட்டைகளைத் தரையில் போட்டுவிட்டார்கள், சிலர் அவற்றின்மேலேயே நின்றார்கள்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் தமிழ் வம்சம்தான் என்றாலும் பரம்பரை பரம்பரையாக மலாக்காக்காரர், வீட்டில் பேசுவது மலாய்தான். எதிர்க்க வந்தவர்கள் எதற்குப் பூ கொடுக்கிறீர்கள் என்று அவர் மலாயிலேயே என்னைக் கேட்டார். அதிகாரியிடம் தானே பேசுவதாகச் சொல்லி முன்னால் வந்தார்.

"நீங்க சும்மா இருங்கம்மா. இது தமிழ்ச் சங்கம்" என்று தலைவர் அவரைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு அரைமணி நேரம் தமிழில் முழங்கினார். அதிகாரி மலாய்க்காரர், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அங்கே அவருடைய மொழியைச் சரளமாகப் பேசக்கூடிய ஒரே ஆளான அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அடுத்து என் முறை. நான் எழுதிய மனுவை ராகம் போட்டு ஆங்கிலத்தில் படித்தேன். வேலியிலிருந்து பத்தடியில் விடியும் முன்பே திறந்த நெருப்பு எரிகிறது, அதன் ஆபத்தைத் தயவுகூர்ந்து கவனிக்க வேண்டும் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு. அதிகாரி தலையாட்டினார். அந்த அடுப்பு எங்கே என்று கேட்டார். நானே அழைத்துப் போய்க் காட்டினேன். அக்கா கரிபிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு ஒரு தோசை வைத்துக் கொடுத்தாள். அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மக்கள் தந்த அன்பான வரவேற்புக்கு நன்றி. வேலியோரம் நெருப்பு இருப்பதைப் பொறுப்போடு சுட்டிக்காட்டியதற்கும் நன்றி. ஆகவே கிடங்கு திறக்குமுன் அந்த அடுப்பை அகற்றிவிடவும்.

அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். மறுநாள் மாவுக்கு ஊறப்போட அரிசியைக் களைந்தபடியே கேட்டாள்.

"கெடங்கு?"

"அது இருக்கும்க்கா."

"அடுப்பு எங்க இருக்குன்னு அவனுக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அக்கா களைந்த அரிசியின் நீரை வடித்து அப்படியே கோழிகளுக்குப் போட்டாள். அடுத்த வாரத்திலிருந்து புக்கிட் பாருவில் ஒரு வீட்டில் துணி துவைக்கப் போனாள். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த மாதக் கூட்டத்தில், அரசாங்கமே நன்றி சொல்லும்படி மனு எழுதிய செயலாளரைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். நான் எழுந்து நின்று கைகூப்பினேன்.