நான் ஒட்டி மறைத்த வரி

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது மேசை, நாற்காலி, மைக்கூட்டோடு அலுவலகக் குமாஸ்தாவான என்னையும் விட்டுவிட்டுப் போனார்கள். புதிதாக வந்தவர்கள் சாமான் பட்டியல் எடுத்தபோது, கால் உடையாமல் நிற்கிறதே என்று நினைத்தோ என்னவோ, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் படித்தது பிரெஞ்சு, வீட்டில் பேசுவது தமிழ். இனிமேல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்றார்கள். "எஸ் சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லோடு என் ஆங்கிலம் ஏறக்குறையத் தீர்ந்துபோனது.

அப்படிப்பட்டவனிடம்தான் இந்திய அரசியல் சட்டப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அலுவலகத்துக்கே அது ஒன்றுதான். டில்லியில் சட்டத்தைத் திருத்தும்போதெல்லாம் புதுப் புத்தகம் வராது, திருத்தச் சீட்டுகள்தான் வரும். எந்த வரி மாறியதோ அதன்மேல் புது வரி அச்சடித்த சீட்டை வெட்டி ஒட்ட வேண்டும். அங்கே அத்தனை பேர் கை தூக்கி முடிவு செய்த காரியத்தில் கடைசிக் கை என்னுடையது. அந்தக் கையில் சோற்றுப்பசை இருந்தது.

"இன்னைக்கு அரசியல் சட்டத்தைத் திருத்திட்டு வர்றேன்" என்று தலத்தெரு வீட்டுக்குள் நுழையும்போதே பீற்றிக்கொள்வேன்.

"கையைக் கழுவிட்டு வாண்ணே, பசை நாத்தம் தாங்கல" என்பாள் தங்கை.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது சீட்டுகள் கட்டாக வந்தன. முதல் சீட்டே புத்தகத்தின் முதல் சட்டப்பிரிவுக்கு. இந்தியா என்றால் எந்தெந்த ஊர்கள் என்று சொல்லும் பிரிவு அது. பிரெஞ்சு ஆட்சியில் நான் பழகிய முறை வேறு. ஒரு பிரிவில் ஏதாவது மாறினால் பிரிவு முழுவதையும் புதிதாக அச்சடித்து அனுப்புவார்கள். பழையதைத் தலையிலிருந்து கால்வரை ஒரே கோடாக அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். இந்தச் சீட்டின் தலையில் ஆங்கிலத்தில் ஏதோ குறிப்பு இருந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் புரிந்திருக்காது. பிரிவைவிடச் சீட்டு சற்றுக் குட்டையாக இருந்தது. கீழே பழைய வரி ஒன்று அசிங்கமாக எட்டிப் பார்த்தது. வெள்ளைத்தாளை அளந்து வெட்டி அதையும் மூடினேன். ஓரமெல்லாம் விரலால் நீவிவிட்டேன். எவ்வளவு சுத்தமான வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வைகாசியில் தங்கைக்குத் தஞ்சாவூரிலிருந்து கடிதம் வந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்காக அவள் தானாகவே உட்கார்ந்து இரண்டு வருடம் தமிழ் இலக்கணம் படித்திருந்தாள். இடம் கிடைக்காவிட்டால் நெடுங்காட்டில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டும் இருந்தாள். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: இந்தியக் குடிமகள் என்பதற்குச் சான்று எங்கே? பத்து நாளுக்குள் வேண்டுமாம்.

"ஒன் கையிலதான புத்தகம் இருக்கு. என்னமோ சட்டமே ஒன்னக் கேட்டுத்தான் நடக்குற மாதிரி பேசுவியே" என்று சிரித்துக்கொண்டே கடிதத்தை என்னிடம் கொடுத்தாள்.

எங்கள் அதிகாரி கும்பகோணம் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"கொடி நம்ம கொடி, போலீஸ் நம்ம போலீஸ். ஆனா ஊரை நமக்கு எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தத்துக்குப் பாரிஸ்ல இன்னும் ஒப்புதல் ஆகலியேங்க. நான் எதை வச்சுச் சான்று எழுதறது? புத்தகத்துல இந்த ஊரைச் சேர்த்துக்கிற மாதிரி ஒரு வரி காட்டுங்க. ஒரே ஒரு வரி. அதைக் குறிப்பிட்டு இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

புத்தகத்தை எடுத்து வந்தேன். இருவரும் குனிந்து பார்த்தோம். மாநிலங்கள் இருந்தன, மத்திய ஆட்சிப் பகுதிகள் இருந்தன. அவர் விரல் என் வெள்ளைத்தாள்மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போய் நின்றது. பின்னால் இருந்த பட்டியலையும் புரட்டினார்.

"அந்தமான்கூட இருக்கு. நம்ம காரைக்கால் இல்லியே" என்றார். புதுச்சேரிக்கு எழுதிக் கேட்கிறேன் என்று எழுதியும் போட்டார். பத்து நாள் போனது. பதில் வரவில்லை. தஞ்சாவூரில் அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரிக்கும் மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போனார். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். பந்தியில் நான் அடித்த வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

ஐப்பசி மழையில் அலுவலக அலமாரிக்குள் கரப்பான் பூச்சி புகுந்துவிட்டது. சோற்றுப்பசை என்றால் அவற்றுக்கு விருந்து. புத்தகத்தை உதறியபோது முதல் பிரிவில் என் வெள்ளைத்தாள் பாதி தின்னப்பட்டுத் தொங்கியது. அடியில் பழைய வரி தெரிந்தது. அதற்குள் எனக்கு அகராதி பார்த்துப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். இனிமேல் வந்து சேரக்கூடிய பிற பகுதிகளும் இந்தியாவே என்றது அந்த வரி. திருத்தம் அதைத் தொடவே இல்லை. அதன் தலைக்கு மேல் இருந்ததைத்தான் மாற்றச் சொல்லிச் சீட்டின் குறிப்பில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் நுழைவதற்கென்று அந்தப் பெரிய புத்தகத்தில் இருந்த ஒரே இடுக்கை நான் பசை தடவி அடைத்திருந்தேன். கரப்பான் பூச்சி என்னைவிடக் கவனமாகப் படித்திருக்கிறது.

தலைதீபாவளிக்கு வந்தவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் வேடிக்கையை விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தேன்.

"அந்த வரி இருந்திருந்தா அவர் கையெழுத்துப் போட்டிருப்பாரா?"

"போட்டிருப்பாரு. அந்த வாரமே போட்டிருப்பாரு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தலைமுடியை ஒதுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி நின்ற பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"அந்தப் புத்தகத்துல வேற எங்கெல்லாம் அண்ணே ஒட்டுன?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவலாளியைக் கெஞ்சி அலுவலகத்தைத் திறக்கச் சொன்னேன். கிண்ணத்தில் வெந்நீரும் ஒரு பழந்துணியும் எடுத்துப் போயிருந்தேன். நான் ஒட்டிய ஒவ்வொரு சீட்டின் ஓரத்தையும் நனைத்து, கிழியாமல் மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் யாருடைய ஊர், யாருடைய பெண் இருக்கப்போகிறாளோ என்று நினைத்தபடியே அடுத்ததை நனைத்தேன். பொழுது சாயும்போது பாதிப் புத்தகம்கூட முடிந்திருக்கவில்லை.