என்னிடம் இல்லாத வெள்ளைக் கார்

ஆன்லைன் சர்வேயில் நான் தட்டுகிற பதிலெல்லாம் நேராக விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேருகிறது என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். பி.காம். படித்தவன், தலையில் பாதி நரைத்தவன், இரண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியவன், முழு நினைவோடு நம்பினேன். சோறு இறங்காத அளவுக்கு நம்பினேன்.

எனக்கு வேலை விழுப்புரத்தில், ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுவது. வீடு திண்டிவனத்தில். காலையும் மாலையும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வருகிறவன் கையில் போன் இருந்தால் ஆசை வராமல் இருக்குமா? கேள்விக்குப் பதில் சொன்னால் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் பணம் என்றது ஒரு ஆப். என் அபிப்பிராயத்துக்குக் காசு கொடுக்க உலகத்தில் ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் புதுசு. வீட்டில் இலவசமாகச் சொன்னாலே யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

ஆனால் ஆப் லேசுப்பட்டது இல்லை. வயசு, ஊர், படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நானும் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே வருவேன். விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கும்போது, 'உங்களிடம் கார் உள்ளதா?' என்று வரும். இல்லை என்று தட்டினால் போச்சு. 'மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை.' பெண் பார்க்கப் போன காலத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக வேண்டாமென்று சொன்னதில்லை.

ஒரு நாள் கடுப்பில் 'ஆம்' என்று தட்டிவிட்டேன். சர்வே மளமளவென்று திறந்துகொண்டது. என்ன நிறம்? வெள்ளை. பெட்ரோலா, டீசலா? டீசல். யார் ஓட்டுகிறார்கள்? இங்கே கொஞ்சம் யோசித்து, டிரைவர் வைத்திருப்பதாகச் சொன்னேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே, பொய் சொல்லக் கூடாது பாருங்கள். அடுத்த வாரம் ஏசி வாங்கினேன். அப்புறம் ஒரு நாய் வளர்த்தேன். ஒரு தடவை சிங்கப்பூர்கூடப் போய் வந்தேன். இத்தனை வசதியையும் நான் அனுபவித்துக்கொண்டிருந்த சீட்டில், பக்கத்தில் ஒருவர் மல்லாட்டைக் கடலை உரித்துத் தோலை என் செருப்பின் மேல் போட்டுக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரிக்கு மாதாமாதம் அரசாங்கத்தின் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வரும். யாரையும் கேட்காமல் அவள் எடுத்துச் செலவு செய்கிற ஒரே பணம் அது. அதை வைத்துத்தான் சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். சீட்டு எடுத்ததும் தையல் மிஷின் வாங்க வேண்டும் என்று, அதை வைக்கப்போகும் ஜன்னலோரத்தைக்கூடக் காலி செய்து வைத்திருந்தாள். பேங்க் கணக்கு அவள் பெயரில். மெசேஜ் வருகிற நம்பர் மட்டும் என்னுடையது.

அந்த மாதம் தேதி தாண்டியும் மெசேஜைக் காணோம். காலையில் மெசேஜ் வந்துச்சா என்று கேட்டாள், இல்லை என்றேன். மறுநாளும் கேட்டாள், இல்லை என்றேன். அதற்கும் மறுநாள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டே, "கார் கீர் இருந்தா நிறுத்திடுவாங்களாம், பக்கத்து வீட்ல பேசிக்கினு இருந்தாங்க. நம்மகிட்ட இருக்கறது ஓட்ட சைக்கிளு. நமக்கு இன்னாத்துக்குங்க நிறுத்தினாங்க?" என்றாள்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பஸ் ஏறியதும் முதல் வேலையாக ஆப்பைத் திறந்து என் விவரத்திலிருந்து காரை எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு அது புது சர்வே அனுப்பியது: 'அண்மையில் காரை விற்றீர்களா? ஏன்?' விற்றவன் என்றால் வைத்திருந்தவன்தானே? நானே சாட்சி சொல்லிவிட்டேனே! சிங்கப்பூரை வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மனு நாள். கடையில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், பேனாவைத் திறந்துகொண்டு, "இன்னா மனுண்ணே?" என்றார்.

"என்கிட்ட கார் இல்லன்னு எழுதணும்."

பேனாவை மூடிவிட்டார். பட்டா இல்லை, பென்ஷன் இல்லை, தண்ணீர் இல்லை என்று எத்தனையோ எழுதியிருப்பார்.

"இருக்குன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"அப்ப உங்க மேலயே மனு குடுக்கறீங்களா?"

பென்ஷன் மனுவுக்குக் காத்திருந்த அம்மா ஒருவர், பவுர்ணமிக்குத் திருவக்கரைக் கோயிலுக்குப் போகும்போது தன்னையும் அந்தக் காரில் இட்டுக்கொண்டு போகச் சொன்னார். சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. கார் இல்லை என்று அந்த அம்மாவிடமும் நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

ஒருவழியாக எழுத ஆரம்பித்தவர், வீட்டம்மா ரேஷன் கார்டு நம்பர் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் போட்டேன். நம்பர் எதற்கு என்றாள். கார், டிரைவர், ஏசி, நாய், சிங்கப்பூர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். திட்டு எந்த வார்த்தையில் ஆரம்பிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"இன்னா கலரு?"

"வெள்ள."

"வெள்ளையா? நம்ம ஊரு புழுதிக்கு யாரு தொடைக்கறது? டிரைவரு வேற வெச்சிக்கினு, என்னைய மட்டும் மார்க்கெட்டுக்கு டவுன் பஸ்ல அனுப்பியிருக்கீங்க." அப்புறம் குரல் மாறியது. "பணம் மட்டும் நின்னிருக்கட்டும், உங்களையும் அந்த நாயையும் ஒண்ணா கட்டிப் போட்டுடறேன். இருங்க, பேங்க்குக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அவள் போய்வருகிற வரைக்கும் நான் அந்த மேஜை ஓரமாகவே நின்றேன். மனு எழுதுகிறவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். பாதி டீயில் குரலைத் தாழ்த்தி, அந்த ஆப்புக்குப் பேர் என்ன என்று விசாரித்தார். தனக்கும் கார் இல்லையாம்.

போன் வந்தது. பாஸ்புக் பதிந்து பார்த்துவிட்டாள். பணம் அந்த மாதமும் வழக்கமான தேதியிலேயே ஏறியிருந்தது. 'வாழ்த்துகள், உங்களுக்கு ஒரு புதிய சர்வே' என்று வந்து குவிந்த மெசேஜ்களோடு பேங்க் மெசேஜையும் நான்தான் படிக்காமலே அழித்திருந்தேன். மனுவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். சர்வேயில் அதுவரை எனக்கு வந்திருந்தது எண்பது ரூபாய். அந்த வாரமே அவள் பேங்கில் எழுதிக் கொடுத்து மெசேஜைத் தன் நம்பருக்கு மாற்றிக்கொண்டாள். தையல் மிஷின் தை மாதம் வந்தது. ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது.