ரோட்டு வளைவு இல்லீங்க

டிரைவருக்குப் பின் சீட்டில் கணக்கம்மா வந்து உட்கார்ந்தால், புதிதாக ஏறுபவர்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டிக்கெட்டைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. கண்டக்டரான எனக்கு லாபம்தானே! உண்மையில் அவர் எங்கள் டிரைவர் அண்ணனின் வீட்டுக்காரம்மா, எனக்கு அண்ணி. கல்யாணமான மறுவருஷமே முன்னறையில் கரும்பலகையை மாட்டி, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு டியூஷன் ஆரம்பித்தவர். தேறவே தேறாது என்று பள்ளிக்கூடம் தலைமுழுகிய பிள்ளைகளையெல்லாம் தேற்றிவிட்டவர். ஒரே ஒருத்தரிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. அந்த ஒருத்தர்தான் ஸ்டியரிங் பிடித்திருந்தார்.

அண்ணனுக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இன்னும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போ பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் பாஸாக வேண்டும். அண்ணன் இரண்டு தரம் கோட்டைவிட்டாயிற்று. வயசு வரம்புப்படி இதுதான் கடைசி. வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் குறட்டை வருகிறது என்று, பாடம் வண்டிக்கு வந்துவிட்டது. ஸ்டாப்பில் நிற்கும்போது மட்டும்.

எனக்குப் புரிந்தவரை வகைக்கெழு என்பது, வண்டி எங்கே இருக்கிறது என்ற கணக்கிலிருந்து வேகத்தைக் கறப்பது. இன்னொரு தரம் கறந்தால், காலின் கீழே இருப்பது பிரேக்கா ஆக்ஸிலேட்டரா என்று தெரிந்துவிடும். இதில் அண்ணன், வேகம் பூஜ்ஜியம் வந்த இடத்திலெல்லாம் "திரும்பியது" என்று எழுதி வைப்பார்.

"ஏங்க, இப்ப வேகம் என்ன?" என்றார் அண்ணி, ஒரு ஸ்டாப்பில்.

"பூஜ்ஜியம்."

"வண்டி திரும்பிடுச்சா?"

"ஏன் திரும்புது? ஆள் ஏத்திட்டு நேராத்தான் போவேன்."

"பேப்பர்ல மட்டும் ஏன் திரும்புது?"

"நீதானேம்மா பூஜ்ஜியத்தைக் கண்டுபிடின்னு உசிரை வாங்குன?"

"கண்டுபிடிச்சா போதுமா? முன்னாடி ப்ளஸ், பின்னாடி மைனஸ்னாதான் திரும்புது. ரெண்டு பக்கமும் ப்ளஸ்னா நின்னுட்டு நேராப் போகுது. எத்தனை தடவைங்க சொல்றது? சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா அது பாஸாயிருக்கும்!"

"ரிவர்ஸ் போட்டாதான் மைனஸ். அண்ணே, எனக்கே புரிஞ்சிடுச்சு," என்றேன்.

"நீ விசிலை ஊது," என்றார் அண்ணன்.

"சரி, வளைவு மாற்றப் புள்ளி எங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "அந்த மருந்துக்கடை தாண்டினா வரும். பெரிய வளைவு."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "ரோட்டு வளைவு இல்லீங்க! வரைபடத்துல கோடு வளையுற வளைவு! அது மேல கவிஞ்சிருந்துட்டு, குழியா மாறுற இடம்! பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குப் போற இடம்!"

நான் விசில் ஊதினேன். அண்ணனின் கால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குப் போனது. அதைப் பார்த்த அண்ணி பாய்ந்தெழுந்து, "இங்க! இங்கதாங்க!" என்று அலறினார்.

யாரோ சக்கரத்தில் விழுந்துவிட்டார்கள் என்று அண்ணன் மறுபடி பிரேக்கை மிதித்தார். நின்றிருந்தவர்கள் எல்லாம் என் மேல் வந்து சாய்ந்தார்கள். ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடி இரண்டாகப் போயிற்று. அவர் அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டார். அண்ணி இனி முன் சீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எக்கேடாவது கெட்டுப் போங்க," என்றார் அண்ணி. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணன் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை முடிந்து வந்தவரை வாசலிலேயே மறித்தார் அண்ணி. நானும் கூடப் போயிருந்தேன்.

"அந்தக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. திரும்பலைன்னு எழுதிட்டேன். வளைவு மாறுற புள்ளியும் போட்டுட்டேன். ஆனா பெஞ்சுக்கு அடியில காலை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேனா, முன்னாடி உட்கார்ந்தவனுக்கு சைகை காட்டுறேன்னு என்னைப் பிடிச்சு எழுப்பி விட்டுட்டாங்க. விசாரிச்சு விடுறதுக்குள்ள கடைசிக் கணக்குக்கு நேரமில்லை."

"கடைசிக் கணக்கை விட்டுட்டீங்களா? அது சும்மா கிடைக்கிற மார்க்குங்க!" அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ரிசல்ட் வந்தது. பாஸ். ஒரு மார்க் குறைந்திருந்தாலும் அந்த டிரைவர் சீட்டேதான் கதி. இப்போது அண்ணன் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கிறார்.

மார்க்கைப் பார்த்த அன்றைக்கே அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாஸ்னு மட்டும் சொல்லு தம்பி. மார்க்கைச் சொல்லிடாதே. என் டியூஷனுக்கு ஒரு புள்ள வராது."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். சாயங்கால டிரிப் கடைசி ஸ்டாப்பைத் தொடுவதற்குள், நின்றவர்கள் உட்பட வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.