இரண்டே தடவைதான் கேட்டான்

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் தங்கை மகனைப் பார்க்க, இன்று மத்தியான வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனேன். தங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். வீடெல்லாம் தேங்காய்ப்பால் சொதிக் குழம்பு மணம்.

“மாமா, சாப்பிடுதீங்களா?”

“வேண்டாம்யா.”

முதல் தடவையே நம் ஊரில் யார் சரி என்பார்கள்?

“சரி மாமா” என்று, தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே சாப்பிட்டான்.

பொறுக்க முடியவில்லை. “இன்னொரு தடவ கேட்டா என்னலே?”

“அங்கன ஒருத்தர் வேண்டாம்னா அதை மதிக்கணும் மாமா. வற்புறுத்துனா தப்பு. சரி, இப்பம் சாப்பிடுதீங்களா?”

கேட்டு வாங்கிச் சாப்பிடவா போனேன்? “வேண்டாம்” என்றேன்.

மறுபடியும் மதித்துவிட்டான்.

இப்போதுதான் வெறும் வயிற்றோடு வீடு திரும்பினேன். நீங்களே சொல்லுங்கள், மூன்றாம் தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவான்?