இரண்டாவது ஜன்னல்

போன வருஷம் மார்ச் மாதம் நடந்தது இது. நாங்கள் டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த என் மகள் ஹைஸ்கூலில் படிக்கிறாள். பள்ளியில் வாலண்டியர் வேலை செய்த கணக்கு காட்ட வேண்டும் என்று, முக்கால் மணி நேர டிரைவில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், மூடிக்கிடக்கும் ரயில்வே ஸ்டேஷனைச் சுத்தம் செய்யப் பேர் கொடுத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் அவளைக் கொண்டுபோய் விடுவது என் டியூட்டி.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷம் தமிழ்நாட்டில் ஒரு ஜங்ஷனில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் ராஜினாமா செய்துவிட்டு வந்தேன். டிபெண்டென்ட் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கிரீன் கார்டு கைக்கு வருவதற்குள் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. ரெஸ்யூமேயில் அந்த ஏழு வருஷத்தை எழுதினால், இங்கே படிக்கிறவர்களுக்கு அது என்ன வேலை என்றே புரியவில்லை.

அந்த ஸ்டேஷனில் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பல காலம் ஆகிறது. லைன் ஓடிய இடம் இப்போது வாக்கிங் போகும் பாதை. கட்டடத்தை இடித்து பார்க்கிங் ஆக்க ஊர் கவுன்சில் முடிவெடுத்திருந்தது. அதைத் தடுக்கத்தான் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது, தலையில் எப்போதும் வைக்கோல் தொப்பி. இரண்டு லைன் கூடிய ஜங்ஷன் இது, ஊர் உருவானதே இதனால்தான் என்பது அவர் வாதம். கவுன்சிலோ, இது வெறும் சரக்கு ஷெட், ஜங்ஷன் என்றால் அடுத்த கூட்டத்துக்குள் ஆதாரம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டது. பழைய ரெக்கார்டெல்லாம் எப்போதோ தீயில் போய்விட்டதாம்.

முதல் சனிக்கிழமையே நான் மூக்கை நுழைத்தேன். கதவுக்கு வெளியே தரை இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே, உயரமான பிளாட்ஃபாரத்தை இடித்திருக்கிறார்கள், தோண்டினால் அஸ்திவாரம் கிடைக்கும் என்று அடித்துச் சொன்னேன். பாவம், என் பேச்சை நம்பி நாலு பேர் வெயிலில் இரண்டு மணி நேரம் தோண்டினார்கள். மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு டீச்சர் வேறொரு ஸ்டேஷனின் பழைய போட்டோவைக் காட்டினார். பிளாட்ஃபாரம் தரையோடு தரையாக இருந்தது. ஜனங்கள் ஸ்டூலில் கால் வைத்து ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, சிரித்தார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காரில் ஏறியதும் மகள், "அம்மா, ப்ளீஸ்... நோ மோர் ஐடியாஸ்" என்றாள். சரிதான், இனிமேல் வாயே திறப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல்களில் அடித்திருந்த பிளைவுட்டை அன்றுதான் கழற்றியிருந்தார்கள். சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஜன்னல் ஒன்று பழைய லைனைப் பார்த்து இருந்தது. இருபுறமும் எட்டிப் பார்க்க வசதி. அதே மாதிரி இன்னொன்று பக்கத்துச் சுவரில். வெளியே வெறும் முள்புதர். இந்த இரண்டாவது ஜன்னல் காற்றுக்காக வைத்தது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

காற்றுக்கா? அதன் கீழேயும் ஒரு மேஜைப் பலகை. முழங்கை ஊன்றி ஊன்றி அந்த இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊரில் நான் உட்கார்ந்த நாற்காலியைப் போல ஒரு நாற்காலியில் இங்கே ஒருத்தர் தினமும் உட்கார்ந்து, அந்தப் புதர் பக்கம் இன்னொரு லைனில் வரும் வண்டியை எதிர்பார்த்திருக்கிறார்.

சொல்லலாமா, வேண்டாமா? மறுபடியும் தப்பாகிவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? மனசு கேட்கவில்லை. டீச்சரிடம் போய், "ஒன் மோர் டைம் தோண்டலாமா?" என்றேன். அவர் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு நேரே நடந்து, புதரை வெட்டினோம். ஒரு முழம் ஆழத்தில் கறுப்பு ஜல்லி தட்டுப்பட்டது. இந்தப் பக்கத்துக் கல் எல்லாம் வெள்ளை; இது ரயில் பாதைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் ஸ்லீப்பர் கட்டைகள், மக்கிப்போய், ஒன்றன்பின் ஒன்றாக. ஸ்டேஷன் பக்கம் வர வர ஒவ்வொரு கட்டையும் முந்தியதைவிட நீளம். ஒரு லைன் இன்னொரு லைனோடு சேரும் இடத்தில்தான் அப்படிப் போடுவார்கள். "ஜங்ஷன்!" என்று நான் போட்ட கூச்சலில் வாக்கிங் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

கவுன்சில் கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார் டீச்சர். மூன்று நிமிஷம். போட்டோக்களைக் காட்டி முடித்ததும் ஓர் உறுப்பினர், இது சரக்கு வண்டியை ஒதுக்கி நிறுத்தும் சைடிங்காக இருக்கலாமே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நிற்கிற வண்டியைப் பார்க்க யாரும் ஜன்னல் கட்டமாட்டார்கள் சார், ஓடி வருகிற வண்டியைப் பார்க்கத்தான் கட்டுவார்கள், நான் ஸ்டேஷன் மாஸ்டர், ஏழு வருஷம் அதைத்தான் பார்த்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். அவரே முதலில் கை தூக்கினார். ஒரு கைகூட பாக்கியில்லை. இடிக்கும் உத்தரவு ரத்து!

டீச்சர் தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். என் மகள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீங்க செம!" என்றாள். என்னிடம் எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் சொன்னாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போது அங்கே சனிக்கிழமை காலைகளில் வருகிறவர்களுக்கு அந்த அறையைச் சுற்றிக் காட்டுவது நான்தான். பதினேழு வருஷம் வேலைக்குப் போகாமல் இருந்தேனே தவிர, வேலை தெரியாதவளாக ஒரு நாளும் இருந்ததில்லை என்பதை அந்த ஊர் ஒப்புக்கொள்ளும்வரை நானே மறந்துபோயிருந்தேன்; இனி மறக்கமாட்டேன்.